ரூனே அண்ணாச்சியும் நான் ஓடிய ஓட்டமும்

1

இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. காலையில் விளக்கேற்றிவிட்டு இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். "ஆத்தா, இன்னைக்கு ஒரு சத்தமும் என் காதுல விழக் கூடாது" என்பதைத் தவிர வேறு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. எட்டு வயது மகள் மாரீஸ்வரி பின்னால் நின்று பல் துலக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. பேர் செல்வி. ஆமத்தூர்ப் பக்கத்துக்காரி. பத்தாவது வரைக்கும் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஆப்செட் மெக்கானிக். நம் அச்சகக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின் வாங்கிவருவது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மெஷினைக் கழற்றி, பெட்டி கட்டி அனுப்புவதற்காக ஸ்வீடனுக்கு வந்தவரை, மெஷினை விற்ற அச்சக முதலாளி திரும்ப விடவில்லை. அதே வயதுள்ள இன்னொரு மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மாரிக்கு இரண்டு வயது நடக்கும்போது நாங்கள் இருவரும் வந்து சேர்ந்தோம்.

2

எனக்கு இந்தச் சின்ன ஊரின் கால்பந்துக் கழகத்தில் சலவை வேலை. மைதானத்துப் படிக்கட்டுகளுக்குக் கீழே சன்னல் இல்லாத ஓர் அறை, மூன்று பெரிய மெஷின். சேறும் புல்கறையும் அப்பிக்கிடக்கும் பனியன்களைத் துவைத்து, உலர்த்தி, எண் வரிசையில் மடித்து அடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் மாரி அங்கேதான் வருவாள். துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள்.

எனக்கு மேலே சாமான்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருப்பவர் ரூனே. ஐம்பது வயது இருக்கும். இங்கே சின்னப் பிள்ளைகூடப் பெரியவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். எனக்கு நாக்கு வளையவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். நான் ஏதோ ஸ்வீடிஷ் வார்த்தையைக் கொலை செய்கிறேன் என்று முதல் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்போது ஆட்டக்காரப் பையன்களே கதவைத் தட்டி, "அன்னாத்சி, என் காலுறை எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அவர் இதே கழகத்துக்கு ஆடியவர். தடுப்பாட்டக்காரர். எதிராளி பந்தோடு வரும்போது நம் கோலுக்கு முன்னால் குறுக்கே நிற்கிற வேலை. அப்பா மர அறுவை மில் கூலி. இவரும் காலையில் மில், சாயங்காலம் மைதானம் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். பிறகு கழகம் மேல் டிவிஷனுக்கு ஏறியது, மில் வேலையை விட்டார். ஒரு வருஷம் ஜெர்மனிக்குப் போய் ஆடிவிட்டு, அம்மா சமையல் நினைவு வந்து திரும்பிவிட்டார். நாட்டு அணிக்கு ஒரு முறை கூப்பிட்டார்கள். ஓரத்துப் பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்பிவிட்டார்கள். மூக்கு இரண்டு தடவை உடைந்தது. கன்ன எலும்பு ஒரு தடவை. கடைசியில் முழங்கால் போனது, ஆட்டமும் போனது.

ஒரு வருஷம் கடைசி ஆட்டத்தில் ஈரப் புல்லில் அவர் வழுக்கி விழுந்து, அந்த வழியாக ஒரு கோல் விழுந்து, கழகமே கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டதாம். ஊரில் அதை இன்னும் பேசுகிறார்கள். பாவம், புல் வழுக்கிவிட்டது என்பார்கள்.

அவர் ஸ்வீடிஷில் சொல்வதை நம் பேச்சில் எழுதுகிறேன். என் மனசுக்குள் அப்படித்தான் கேட்கிறது. ஒரு நாள் பனியன் மடித்துக்கொண்டே சொன்னார். "முன்னால ஆடுறவன் பத்துத் தடவ தப்பு பண்ணி ஒரு தடவ அடிச்சாலும் தோள்ல தூக்கிட்டுப் போவாக. நான் ஆட்டம் முச்சூடும் ஒழுங்கா நின்னுட்டு ஒரு நொடி அசந்தா அம்புட்டுத்தான். சாகுற வரைக்கும் அதத்தான் சொல்லுவாக."

பயமாக இருக்காதா என்று கேட்டேன். பயந்தான் வேலையே என்றார்.

3

எனக்கு அது புரிந்தது. எங்கள் வேலையும் பயந்தான்.

பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் போர்மேன் என்னை ஓர் அறைக்குள் உட்காரவைத்தார். அறைக்கு நாலு பக்கமும் வாசல், ஆளுக்கு ஒரு வாசல் பார்த்து உட்கார வேண்டும். வளையல், சேப்டி பின் எல்லாம் கழற்றச் சொன்னார். பிறகு சொன்னதை இப்போதும் அவர் குரலிலேயே கேட்கிறேன். "சத்தம் கேட்டா உன் வாசல் வழியா ஓடு. பக்கத்துல இருக்கது ஆத்தாளா, அக்காளான்னு பாக்காத. திரும்புனவுகளத்தான் நாங்க அள்ளி எடுத்திருக்கோம்."

என் அம்மாவும் அதே அறையில்தான், என் முதுகுக்குப் பின்னால், வேறொரு வாசல் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது வருஷம், தீபாவளி சீசனில், பக்கத்து அறையில் சத்தம் கேட்டது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வேலிக்கருவைக்குள் நின்றுகொண்டிருந்தேன், காலெல்லாம் முள். அம்மா மறுபக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "நீ திரும்பலையே, நல்ல பிள்ள" என்றாள். எங்கள் அறையிலிருந்து ஒருத்தி தங்கச்சியைத் தேடித் திரும்பிப் போயிருந்தாள். தங்கச்சி வெளியேதான் நின்றாள். போனவள் வரவில்லை.

4

போன வருஷம் இதே நாள், சீசனின் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் ரூனே அண்ணாச்சிக்கு மரியாதை செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். வெயிலடித்த மத்தியானம். அவர் எனக்கும் மாரிக்கும் முதல் வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரருக்கு அன்று வேலை. அண்ணாச்சி மைதானத்து நடுவில் கோட்டும் டையுமாக, கையில் பூங்கொத்தோடு கூச்சப்பட்டு நின்றார். மாரி கையை வீசி வீசிக் கத்தினாள்.

எங்கள் பக்கத்துப் படிக்கட்டின் கோடியில் பையன்கள் சிலர் கையில் பிடிக்கும் சிவப்பு மத்தாப்பு கொளுத்தினார்கள். இங்கே ஆட்டங்களில் திருட்டுத்தனமாக இப்படிச் செய்வார்கள். பட்டாசுக்குள் அடைக்கும் கலவையை நாம் மருந்து என்போமே, அந்த வாசம் மூக்கில் ஏறியது. மருந்து நமத்துப்போயிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அது வரைக்கும் பயமில்லை.

பிறகு கூரைக்கு அடியில் ஒரு வெடி வெடித்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, கார்கள் நிற்கும் இடத்தையும் தாண்டி ஆற்றோரத்தில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு அடங்கிய பிறகு, தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி வந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வந்தது. அதற்கப்புறந்தான் என் கை இரண்டும் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

திரும்பி ஓடினேன். ஜனங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்கு அது வெறும் வெடி. எங்கள் வரிசையில், மாரிக்கு முன்னால், அண்ணாச்சி நின்றிருந்தார். நொண்டிக் காலோடு மைதானத்திலிருந்து தடுப்பைத் தாண்டி வந்திருக்கிறார். பிள்ளைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் அகட்டி, புகை வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் பூங்கொத்து தலைகீழாகத் தொங்கியது.

மாரி அழவில்லை. நான் ஓடிப்போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்வீடிஷில் சொன்னாள்.

"நீ திரும்பிப் பார்க்கவே இல்லை."

நல்ல பிள்ளை என்று என் அம்மா என்னைத் தடவிக்கொடுத்த அதே காரியத்துக்கு என் மகள் என்னை அப்படிப் பார்த்தாள்.

5

மாரியின் டீச்சரும் அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தார். ஒரு பிள்ளை இப்படி விடப்பட்டதைப் பார்த்தால் டீச்சர்மார் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து நாளில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரரும் நானும் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினோம். உங்கள் மகளின் பாதுகாப்பு தொடர்பாகப் பேச வேண்டும் என்று இருந்தது. பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கண்டுபிடித்ததும் அவர் அகராதியை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்துப் பெரிய ஊரில் மளிகை வாங்கப் போனபோது, ஒரு பெண், இந்த அலுவலகக்காரர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் வளர்க்க விட்டுவிடுவார்கள் என்றாள். அவளுக்குத் தெரிந்த யாருக்கோ தெரிந்தவர்களுக்கு நடந்ததாம். வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டாலே மாரி எங்கே என்று தேடிப் போய்ப் பார்த்தேன். மாவிளக்கு எடுக்கிறேன் என்று ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டேன். மாரியின் துணிமணியை ஒரு பையில் கட்டி, பாஸ்போர்ட்டை அதற்குள் செருகி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்து அதிலே போட்டார்.

ஆமத்தூரிலிருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன். அவளுக்கு முதலில் விஷயமே விளங்கவில்லை.

"ஏடி, ஓடுனதுக்கா கேசு? ஓடாட்டித்தானடி இங்கன பொணம்."

"பிள்ளைய விட்டுட்டு ஓடிட்டேன்க்கா."

போன் கார்டில் நிமிஷம் கரைந்துகொண்டிருந்தது. பிறகு மெல்லிய குரலில், "பிள்ளையத் தூக்கிட்டு வந்திரு செல்வி" என்றாள்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் என்னை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கூட்டம் நெருக்கியதில் கை நழுவிவிட்டது, பிள்ளையைத் தேடித்தான் ஓடினேன் என்று சொல்ல வேண்டும். இனி சத்தம் கேட்டால் முதலில் பிள்ளையைத்தான் தூக்குவேன் என்று அடித்துச் சொல்ல வேண்டும். "பொய்யின்னு நெனைக்காத. பிள்ளைக்காகச் சொல்லுற" என்றார்.

6

அலுவலகத்தில் இரண்டு பெண்கள். மேசைமேல் மெழுகுவர்த்தி, பக்கத்தில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. அழுவார்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் போனில் பேசினார், யாழ்ப்பாணத்து அம்மா. வீட்டுக்காரரைத் தவிரத் துணைக்கு இன்னொருவரைக் கூட்டிவரலாம் என்றிருந்ததால் அண்ணாச்சியும் வந்து, நீட்ட முடியாத காலை ஒரு மாதிரி மடக்கி உட்கார்ந்திருந்தார்.

கேள்விகள் மரியாதையாகத்தான் இருந்தன. என்ன சாப்பிடுவாள், எங்கே படுப்பாள், கோபம் வந்தால் என்ன செய்வேன். என் பேச்சு போன் அம்மாவுக்கு அடிக்கடி பிடிபடவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, திருப்பிச் சொல்லுங்கோ" என்பார். பட்டாசு அறையையும் நாலு வாசலையும் மூன்று தடவை சொன்னேன்.

இருவரில் மூத்தவள் கடைசியாகக் கேட்டாள். மறுபடியும் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். ஆனால் காலையில் விளக்கேற்றி, ஆத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுவிட்டு வந்த வாய். அதே வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஓடிருவேனோன்னு பயமா இருக்கு" என்றேன்.

போன் அம்மா கேட்டார். "திருப்பிச் சொல்லுங்கோ அக்கா." இந்தத் தடவை அவருக்கு விளங்காமல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. திருப்பிச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது அண்ணாச்சி பேசினார். அவர் பேசியதை என்னால் ஸ்வீடிஷிலேயே புரிந்துகொள்ள முடிந்தது.

"நான் வழுக்கல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அந்தக் கடைசி ஆட்டத்துல. புல்லு மேல பழி போட்டு, பேப்பர்காரன்கிட்டயும் அதத்தான் சொன்னேன். நான் வழுக்கல. அதுக்கு முந்தின மாசந்தான் என் கன்ன எலும்பு ஒடஞ்சிருந்துச்சு. எதிராளி பந்த ஓங்கி ஒதைக்க வந்தப்ப என் ஒடம்பு தானா விலகிருச்சு. விலகுனதுக்கு அப்புறந்தான் விழுந்தேன். விழுந்த மாதிரி காட்டுனேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

மூத்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த ஆட்டத்துக்கு அவளை அவளுடைய அப்பா கூட்டிப்போயிருந்தாராம். வரும் வழியெல்லாம் அப்பா அழுதாராம்.

"அப்ப அவருகிட்டயும் சொல்லிருங்க" என்றார் அண்ணாச்சி. அவர் இப்போது இல்லை என்றாள்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். பிறகு சொன்னார். கோச்சுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. அவர் திட்டவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் இவரைச் சுவரோரம் நிறுத்தி, முகத்துக்கு நேராகப் பந்தை எறிந்துகொண்டே இருந்தார். முதலில் பஞ்சு மாதிரி, பிறகு கொஞ்சம் வேகமாக. "ஒடம்புக்கு வாயால சொன்னா ஏறாது. அதுக்குத் தனியாப் பழக்கணும். இவுக பொய் சொல்லியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன். ஓடிருவேன்னு சொல்லுற ஆளப் பழக்கலாம்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள், மனசுக்கான ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். அகராதியில் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் பீரோவை நகர்த்திப் பையை எடுத்தார்.

அந்த அறையில் பேசியதை எழுதலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "உங்க ஊர்லதான? எழுதுங்க. அங்கன எனக்கு ரசிகர் ஆரு இருக்கா" என்றார். பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டாராம். எனக்கு அன்றைக்கே தெரியும், போய்ச் சாப்பிடு என்றாளாம்.

7

சலவை அறையில் பழக்கம் ஆரம்பமானது. அண்ணாச்சி முன்கூட்டிச் சொல்லாமல் உலர்த்தும் மெஷினின் கதவை அறைந்து சாத்துவார். முதல் வாரமெல்லாம் நான் தாழ்வாரத்தில் போய் நின்றேன். பிறகு வாசல் வரைக்கும். கோடை வந்தபோது, எழுந்து நிற்பதோடு சரி. மாரி துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பாள்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. சாப்பிடுவாள், சிரிப்பாள், தலை பின்னக் காட்டுவாள். ஆனால் வெளியே போகும்போது என் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டாள். நான் பிடிக்கப் போனால் கையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நடப்பாள். அலுவலகம் என்னை மன்னித்துவிட்டது, இவள் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு வருஷமும் என் பயம் அதுதான்.

இன்றைக்கு வேலை முடித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அதன் டயர் வெடித்தது.

ஓடினேன். ஒரு வருஷத்துப் பழக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. கால் தானாகக் கிளம்பிவிட்டது. நாலைந்து எட்டு போயிருப்பேன், இடுப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. திரும்பினேன்.

மாரி சரளைக்கல்லில் முழங்கால் ஊன்றிக் கிடந்தாள். அவள் கோட்டுக் கையிலிருந்து என் கோட்டு பெல்ட் வரைக்கும் ஒரு ரப்பர் நாடா இழுபட்டு விறைத்து நின்றது. பிள்ளைகளின் கையுறை தொலையாமல் இருக்க, இரண்டு முனையிலும் கவ்வி வைத்து இங்கே கடைகளில் விற்கிற நாடா. ஒரு முனையைத் தன் கையிலும் மறுமுனையை என் பெல்ட்டிலும் மாட்டியிருந்தாள்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. கல்லைத் தட்டிவிட்டேன்.

"இத எப்ப மாட்டுன?"

"நீங்க சலவை அறையப் பூட்டும்போது." தமிழில்தான் சொன்னாள்.

"இன்னைக்கு மட்டுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். "எப்பவும்."

"கோடையில கோட்டே போடலையே?"

"உங்க சட்டையப் பின்னால புடிச்சுக்குவேன். உங்களுக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரூனே சொன்னாரு. ஆட்டத்துல கண்ணால மட்டும் பாத்துட்டே இருந்தா எதிர் ஆளு தப்பிச்சிருவாங்களாம். துணியப் புடிச்சுக்கணுமாம். நடுவர் பாக்காதப்ப."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழகிக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் பிள்ளைக்கு அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றோம். பஸ் வந்துவிட்டது. எழுந்து, படியேற வசதியாக இருக்கட்டும் என்று என் பெல்ட்டிலிருந்த கவ்வியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனேன். மாரி என் கைமேல் தன் கையை வைத்து அமுக்கினாள்.

"இருக்கட்டும்மா. பஸ்ல சத்தம் கேட்டா?"

அப்படியே ஏறினோம்.